முகம் காட்டும் பெத்ரா, பெயர் சொல்லும் ஹெக்ரா

பம்பு நிறுவுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். கோவையிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அரபு நாடுகளுக்குப் போய்வர வேண்டியிருக்கும். பெரும்பாலும் விமான நிலையம், வேலை நடக்கும் இடம், தங்கும் அறை, மறுபடியும் விமான நிலையம் என்றே நாட்கள் கழிந்துவிடும். ஜோர்டானின் அகபா துறைமுகத்தில் ஒருமுறை வேலை ஒருநாள் முன்னதாகவே முடிந்தது. அந்த நாளில் பெத்ராவைப் பார்த்தேன். அடுத்த ஆண்டு சவூதி அரேபியாவின் தபூக்கில் உதிரிபாகம் வந்துசேரத் தாமதமாகி இரண்டு நாள் காத்திருக்க நேர்ந்தது. அப்போது ஹெக்ராவுக்குப் போனேன்.

இரண்டையும் கட்டியவர்கள் ஒரே மக்கள், நபாத்தியர். ‘கட்டியவர்கள்’ என்பதைவிட ‘குடைந்தவர்கள்’ என்பதே பொருத்தம். பெத்ரா அவர்களுடைய தலைநகர். ‘ரக்மு’ என்பது அவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர். அங்கிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தள்ளி, அல்-உலா சோலைக்கு வடக்கே இருப்பது ஹெக்ரா. அரபியில் அல்-ஹிஜ்ர் என்றும் மதாயின் ஸாலிஹ் என்றும் அதைச் சொல்கிறார்கள். ஒரே மக்கள், ஒரே உளி, ஒரே வகைக் கல் என்பதால் ஹெக்ராவை ‘இரண்டாவது பெத்ரா’ என்று அறிமுகம் செய்வது வழக்கமாகிவிட்டது. நானும் அந்த எண்ணத்தோடுதான் போனேன். திரும்பி வந்தபோது அது தவறான அறிமுகம் என்று உறுதியாகத் தோன்றியது. அண்ணன் தம்பியை அருகருகே நிறுத்தி உயரம் அளப்பதுபோல இந்த இரண்டையும் அளந்தால் ஹெக்ராவின் அருமை கண்ணில் படாமலே போய்விடும்.

நபாத்தியர் முதலில் கூடாரவாசிகள். கி.மு. 312இல் அலெக்சாந்தரின் தளபதிகளில் ஒருவரான அந்திகோனஸ் இவர்கள்மீது படை அனுப்பினார். அந்தச் செய்தியைப் பின்னாளில் எழுதிவைத்த டயடோரஸ், இவர்கள் தானியம் விதைப்பதில்லை, வீடு கட்டுவதில்லை, மது அருந்துவதில்லை என்கிறார். அவர் சொல்லும் இன்னொரு செய்தி என் தொழிலுக்கு நெருக்கமானது. இவர்கள் பாலையில் நிலத்தடித் தொட்டிகளைக் குடைந்து மழைநீரைச் சேர்ப்பார்கள். தொட்டியின் வாய் குறுகலாக இருக்கும். உள்ளே போகப்போக அகன்றுகொண்டே போகும். நிரம்பியதும் வாயை மூடி, தங்களுக்கு மட்டும் தெரியும் அடையாளத்தை வைத்துவிட்டுப் போவார்கள். துரத்திவரும் பகைவர் தண்ணீர் கிடைக்காமல் தவிப்பார்கள். தென் அரேபியாவின் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் மத்தியதரைக் கடலுக்குப் போகும் வழியை இந்தத் தண்ணீர் அறிவுதான் அவர்கள் கையில் கொடுத்தது. அந்தப் பணத்தில்தான் கூடாரவாசிகள் நகரவாசிகள் ஆனார்கள்.

நம் பக்கத்துக்கும் அந்த வழிக்கும் மெல்லிய தொடர்பு உண்டு. செங்கடல் வணிகத்தைப் பற்றி 1ஆம் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய ‘பெரிப்ளஸ்’, செங்கடற்கரையில் லியூகே கோமே என்ற துறைமுகத்தையும் அங்கிருந்து பெத்ராவுக்கு, மாலிகஸ் என்ற அரசனிடம் போகும் வழியையும் குறிக்கிறது. சரக்கின் மதிப்பில் நான்கில் ஒரு பங்கைச் சுங்கமாக வாங்க அங்கே ஓர் அதிகாரி இருந்தார் என்கிறது. சேரர் துறையான முசிறியையும் பாண்டியர் கொற்கையையும் சொல்வது அதே நூல்தான்.

பெத்ராவுக்குள் நுழைவதே ஒரு தனி அனுபவம். வாதி மூசா ஊரிலிருந்து இறங்கிப் போனால், மலை இரண்டாகப் பிளந்த இடுக்கு ஒன்று வரும். சீக் என்பார்கள். 1.2 கிலோமீட்டர் நீளம். இருபுறமும் 80 மீட்டர் வரை எழும் சுவர்கள். சில இடங்களில் இரண்டு ஒட்டகங்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நின்றாக வேண்டும். வானம் ஒரு நீலக் கயிறுபோல மேலே தெரியும். அந்த இடுக்கின் முடிவில், பிளவின் வழியே திடீரென்று அல்-கஸ்னா தெரிகிறது. ஏறக்குறைய 40 மீட்டர் உயர முகப்பு, கொரிந்தியத் தூண்கள், மேலே ஒரு கல் கலசம். அந்தக் கலசத்துக்குள் புதையல் இருப்பதாக நம்பிய, பாலைவன நாடோடிகளான பதூவினர் அதைத் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். குண்டு பட்ட வடுக்கள் இன்றும் இருக்கின்றன. கலசம் உள்ளீடற்றது அல்ல, முழுக் கல்.

ஹெக்ராவுக்கு இப்படி ஒரு வாசல் இல்லை. மணல்வெளி திறந்து கிடக்கிறது. ஆங்காங்கே மஞ்சளும் பழுப்புமாக மணற்பாறைக் குன்றுகள் தனித்தனியாக நிற்கின்றன. காற்று அவற்றைக் குடைந்து குடைந்து விந்தையான வடிவங்களாக்கியிருக்கிறது. முன்பதிவு செய்த பேருந்து ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்கு நம்மைக் கொண்டுபோகிறது. தூரத்திலிருந்தே எல்லாம் கண்ணுக்குத் தெரிவதால் மூச்சை நிறுத்தும் கணம் எதுவும் கிடையாது. கஸ்ர் அல்-ஃபரீத் என்ற கல்லறை மட்டும் விதிவிலக்கு. தனிப் பாறை ஒன்றில் தனிக் கல்லறையாக, 20 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. வேலை முற்றுப்பெறாத கல்லறை அது. மேற்பகுதி வழுவழுப்பாக இழைக்கப்பட்டிருக்கிறது. கீழே வர வரக் கல் கரடாகி, அடியில் உளி கொத்திய தடங்கள் அப்படியே நிற்கின்றன. சாரம் கட்டிக் கீழிருந்து எழுப்புகிற நம் கட்டட வேலைக்கு நேர் எதிராக, இவர்கள் உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கியிருக்கிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடத்தை நான் பார்த்ததில்லை. பெத்ராவின் மெருகு அந்த உழைப்பை மறைத்துவிடுகிறது.

முகப்புகளின் கலையழகில் பெத்ராவுக்கே முதலிடம். அங்கே அறுநூறுக்கும் மேற்பட்ட முகப்புகள் உண்டு. ஹெக்ராவில் நினைவுக் கல்லறைகள் 111; அவற்றில் அலங்கரித்தவை 94. அல்-கஸ்னாவுக்கோ, எண்ணூறு படிகள் ஏறிப் பார்க்க வேண்டிய அத்-தைர் முகப்புக்கோ ஈடாக ஹெக்ராவில் எதுவும் இல்லை. நிறத்திலும் பெத்ராவே முந்தி. இரும்பும் மாங்கனீசும் கலந்த பாறையில் சிவப்பும் ஊதாவும் மஞ்சளும் பட்டுப்புடவையின் கரைபோல ஓடுகின்றன. ஹெக்ராவின் முகப்புகள் அநேகமாக ஒரே வாய்ப்பாட்டில் அமைந்தவை: உச்சியில் இருபுறமும் படிக்கட்டு வடிவம், நடுவில் எகிப்திய பாணிக் கொடுங்கை, கதவுக்கு மேல் கிரேக்க முக்கோணம், அதன்மேல் சிறகு விரித்த கழுகு. பல கழுகுகளுக்கு இப்போது தலையில்லை.

ஆனால் அந்தக் கழுகுக்குச் சற்று அருகில், கதவுக்கு மேலே, சட்டமிட்ட ஒரு பலகை செதுக்கப்பட்டிருக்கிறது. அதில் எழுத்து இருக்கிறது. நான் சொல்ல வந்த விஷயம் இந்தப் பலகையில்தான் இருக்கிறது.

அல்-கஸ்னா யாருக்காகக் குடையப்பட்டது? நான்காம் ஹாரிதத் அரசனுக்கு என்பதே பலரும் ஏற்கும் கருத்து. ஆனால் அந்தப் பாறையில் ஓர் எழுத்துகூட இல்லை. யார் செதுக்கினார்கள் என்பதும் தெரியாது. முகப்புக்குக் கீழே 2003இல் கல்லறைகள் கண்டுபிடிக்கப்பட்டன. 2024இல் இன்னொன்றில் 12 பேரின் எலும்புகள் கிடைத்தன. அவர்களுக்கும் பெயரில்லை. பெத்ராவின் கல்லறை முகப்புகளில் நீண்ட நபாத்தியக் கல்வெட்டு உள்ளது ஒன்றே ஒன்று, துர்க்மானியா கல்லறை. அது அறைகளையும் முற்றத்தையும் தோட்டத்தையும் நீர்த்தொட்டிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, எல்லாம் துஷாரா என்ற தெய்வத்துக்கு உரியவை என்கிறது. பத்திரத்தில் கண்ட உரிமை உள்ளவரைத் தவிர வேறு யாரையும் அங்கே அடக்கக் கூடாது என்கிறது. உரிமையாளர் பெயரை மட்டும் சொல்லவில்லை, ஆண்டும் இல்லை.

ஹெக்ராவில் முப்பதுக்கும் மேற்பட்ட கல்லறைகள் பேசுகின்றன. ஆண்டு பொறித்தவை கி.மு. 1ஐ ஒட்டித் தொடங்கி கி.பி. 75 வரை வருகின்றன. அரசனின் ஆட்சியாண்டு, மாதம், கல்லறையைச் செய்வித்தவரின் பெயர், யார் யாரை அங்கே அடக்கலாம், மீறினால் என்ன தண்டம், யார் செதுக்கினார்கள் என்று ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள்.

ஒன்றைப் பார்ப்போம். ஹாரிதத் அரசனின் ஒன்பதாம் ஆண்டு, தெபெத் மாதம். கம்கம் என்ற பெண்ணும் அவள் மகள் குலைபத்தும் தங்களுக்கும் தங்கள் வழி வருபவர்களுக்கும் செய்வித்த கல்லறை. கம்கம் யார்? வாஇலத்தின் மகள், அந்த வாஇலத் ஹராமுவின் மகள். தாய்வழியாகவே அடையாளம் சொல்லிக்கொள்கிற குடும்பம். இந்தக் கல்லறையை விற்பவரை, வாங்குபவரை, அடகு வைப்பவரை, தானம் கொடுப்பவரை, உள்ளிருந்து உடலையோ உறுப்பையோ எடுப்பவரை, அயலாரை அடக்குபவரைத் துஷாராவும் அல்லாத்தும் மனாத்துவும் சபிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. சாபத்தோடு நிற்கவில்லை, தண்டமும் உண்டு. தெய்வங்களுக்கு இவ்வளவு, பூசாரிக்கு ஆயிரம் செலா நாணயம் என்று கணக்குச் சொல்கிறது. கடைசியில் செதுக்கியவர் பெயர்: வஹ்பல்லாஹி.

நம் கோயில் கல்வெட்டுகளின் முடிவில் வரும் ஓம்படைக்கிளவியைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்த நடை அந்நியமாகவே தோன்றாது. தர்மத்தை அழித்தவன் எந்தப் பாவத்தில் போவான் என்று அங்கேயும் வரும். நாம் நிலக்கொடைக்கு எழுதியதை அவர்கள் கல்லறைக்கு எழுதினார்கள்.

இன்னொரு கல்லறைக்கு இரண்டு பங்குதாரர்கள். ஒருவருக்கு மூன்றில் ஒரு பங்கு, மற்றவருக்கு மூன்றில் இரண்டு பங்கு. கிழக்குப் பக்கமும் அங்குள்ள மாடக்குழிகளும் முதல்வருக்கு, தெற்குப் பக்கம் மற்றவருக்கு. பத்திர எழுத்தர் எழுதும் பாகப்பிரிவினை ஆவணம் இதிலிருந்து எவ்வளவு தூரம்? வேறொரு கல்வெட்டு, இதன் படி கைஷாவின் கோயிலில் வைக்கப்பட்டிருக்கிறது என்று முடிகிறது. ஆகப் பாறையில் இருப்பது வாசலில் ஒட்டிய அறிவிப்பு. அதே ஆவணம் கோயிலிலும் இருந்திருக்கிறது.

இந்தப் பலகைகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் ஓர் ஊரே எழுந்து வருகிறது. கஹ்லான் என்ற மருத்துவர், படைத்தலைவர்கள், நூற்றுவர் தலைவர், குறி பார்ப்பவர், ஷுபைத்து என்ற யூதர், தம் பெயரிலேயே கல்லறை வைத்திருந்த வுஷுஹ் போன்ற பெண்கள். செதுக்கியவர்களில் அஃப்தா, ஹூரு என்று பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இவர்கள் கூலியாட்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கஸ்ர் அல்-ஃபரீதின் உடைமையாளர் பெயரும் தெரியும்: குஸாவின் மகன் லிஹ்யான். அரைகுறையாக நின்றுபோன அந்தக் கல்லறையில் அவர் பெயர் மட்டும் முழுமையாக இருக்கிறது.

ஹினாத் என்ற பெண்ணின் கல்லறையில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு, 2023இல் ஒரு நபாத்தியப் பெண்ணின் முகத்தை ஆய்வாளர்கள் மறுபடி உருவாக்கிக் காட்சிக்கு வைத்தார்கள். கல்வெட்டு இருந்ததால்தான் அந்த முகத்துக்கு ஒரு பெயரும் கிடைத்தது.

பெத்ரா முழு ஊமை என்று சொல்வது நியாயமாகாது. 1993இல் அங்கே ஒரு பைசாந்தியத் தேவாலயத்தின் இடிபாட்டில் ஏறக்குறைய 140 பாப்பிரஸ் சுருள்கள் கிடைத்தன. தீயில் கருகியிருந்தன, கருகியதால்தான் மக்காமல் தப்பின. சொத்து, வரி, திருமணம், வாரிசு என்று அந்த ஊரார் கிரேக்கத்தில் எழுதிவைத்த ஆவணங்கள் அவை. ஆனால் அவை 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கல்லறைகளைக் குடைந்தவர்களின் காலத்துக்கு ஐந்நூறு ஆண்டு பிந்தியவை.

ஒரே மக்கள் ஓர் ஊரில் பெயரை எழுதி, இன்னோர் ஊரில் எழுதாமல் விட்டது ஏன்? தொல்லியலார் பல விளக்கம் தருகிறார்கள். எனக்குத் தெரிந்த துறையிலிருந்து நான் ஒன்று சொல்வேன். இரண்டு ஊரும் தண்ணீரைக் கையாண்ட விதத்திலேயே இந்த வேறுபாடு இருக்கிறது.

பெத்ராவில் ஆண்டுக்கு 20 சென்டிமீட்டர் மழைகூடப் பெய்யாது. பெய்தால் மொத்தமாகப் பெய்யும்; காட்டாற்று வெள்ளம் மலையிடுக்கு வழியாக ஊருக்குள் பாயும். நபாத்தியர் சீக் வாசலில் அணை எழுப்பி, ஏறக்குறைய 90 மீட்டர் நீளத்துக்கு மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டி, வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பினார்கள். குடிநீர் தனி. ஐன் மூசா ஊற்றிலிருந்து சீக் சுவரோரமாக ஒருபுறம் திறந்த வாய்க்கால், மறுபுறம் ஒன்றோடொன்று செருகிய சுடுமண் குழாய்கள். வண்டல் படிய இடையிடையே தொட்டிகள். நான் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன். வாட்டம் அவ்வளவு சீராக இருக்கிறது. மட்டப்பலகை கையில் இருக்கும் இன்றைக்கே ஒரு கிலோமீட்டர் குழாய்க்கு வாட்டம் பார்ப்பது எத்தனை சிரமம் என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அந்த ஏற்பாடு எதற்காக என்பது 1963 ஏப்ரலில் தெரிந்தது. பழைய அணை எப்போதோ அழிந்துபோயிருந்தது. திடீர் வெள்ளம் சீக்குக்குள் புகுந்ததில் பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் ஜோர்டான் அரசு அணையை அதே இடத்தில் மறுபடி எழுப்பியது. வெள்ளம் நபாத்தியரின் சுரங்கம் வழியாகவே இப்போதும் திரும்பிப் போகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னும் அதைவிட நல்ல வழி இல்லை.

இவ்வளவு பெரிய நீர்வேலையை ஒரு குடும்பம் செய்ய முடியாது. அரசு செய்ய வேண்டும். ஊர் கூடிக் காக்க வேண்டும். ஓர் இடத்தில் குழாய் உடைந்தால் கீழே எல்லாருக்கும் தண்ணீர் போய்விடும்.

ஹெக்ராவில் திருப்பிவிட ஊற்றும் இல்லை, தடுத்து நிறுத்தக் காட்டாறும் இல்லை. மழை பெத்ராவைவிடக் குறைவு. ஆனால் தரைக்கடியில் எட்டும் ஆழத்தில் நீர் இருந்தது. சமவெளி முழுக்க ஏறக்குறைய 130 கிணறுகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. பாறையைக் குடைந்து இறக்கிய அகன்ற வாய்க் கிணறுகள் அவற்றில் பல. அவற்றில் ஒன்றின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தபோது பல்லடம் பக்கம் என் தாத்தாவின் தோட்டத்துக் கிணறு நினைவுக்கு வந்தது. பாறையை வெடிவைத்துப் பிளந்து வெட்டிய கிணறு அது. அரேபியச் சோலைகளில் ஒட்டகத்தையோ மாட்டையோ சரிவில் நடக்கவிட்டுத் தோல் சாலில் நீர் இறைக்கும் பழக்கம் மோட்டார் வரும்வரை இருந்தது. எங்கள் பக்கத்தில் அதற்குக் கவலை என்று பெயர். ஹெக்ராவின் குடியிருப்புப் பகுதியில் நடந்த அகழாய்வில் பேரீச்சையோடு பருத்தி விதைகளும் கிடைத்திருக்கின்றன. பாலையில் பருத்தி விளைய வேண்டுமானால் கிணற்றில் நீர் வற்றாமல் இருந்திருக்க வேண்டும்.

கிணறு என்பது உடைமை. அதற்குப் பங்கு உண்டு, முறை உண்டு, வாரிசு உண்டு, தகராறு உண்டு. கொங்கு நாட்டில் கிணற்றுப் பங்குக்காக நடக்கும் வழக்குகளுக்குக் கணக்கே இல்லை. கிணறு வைத்திருந்த குடும்பங்களின் ஊரில் கல்லறைக்கும் பங்கு எழுதியிருப்பது எனக்கு வியப்பாகப் படவில்லை. அதோடு ஹெக்ரா எல்லை ஊர். படைவீரரும் அதிகாரிகளும் வணிகரும் வெளியிலிருந்து வந்து தங்கிய இடம். யார் யாருக்கு உறவு என்று எல்லாருக்கும் தெரிந்த தலைநகரில் எழுதாமல் விடலாம். வந்தேறிகளின் ஊரில் எழுதித்தான் ஆக வேண்டும். இது என் ஊகம். கிணற்றையும் பலகையையும் ஒரே நாளில் பார்த்தபின் வேறுவிதமாக எண்ணத் தோன்றவில்லை.

கி.பி. 106இல் ரோமப் பேரரசர் டிராஜான் நபாத்திய அரசைத் தன் பேரரசோடு சேர்த்துக்கொண்டார். அதன்பின் இரண்டு ஊர்களின் கதையும் பிரிகிறது. பெத்ரா ரோம நகரமாக வளர்ந்தது. தூண் வரிசைத் தெரு வந்தது. 363ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பாதி நொறுங்கியது. கல்லறை ஒன்று தேவாலயம் ஆனது. மெல்ல மெல்ல வெளியுலகின் நினைவிலிருந்து நழுவியது. 1812 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பர்க்ஹார்ட், இப்ராஹிம் என்ற பெயரில் அரபு வேடத்தில், ஹாரூன் நபியின் மலையில் ஆடு பலியிடப் போவதாகச் சொல்லி உள்ளே வந்தார். அவர் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. அப்போதும் பின்னரும் அங்கே பதூவினர் இருந்தார்கள். அந்தக் குகைகளிலேயே குடியிருந்த பதூல் குடியினர் 1985இல்தான் அருகிலுள்ள புது ஊருக்கு மாற்றப்பட்டார்கள். உலக மரபுச் சின்னமாக பெத்ரா அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டுதான்.

ஹெக்ராவில் 175-177ஆம் ஆண்டுகளில் மதிலைப் பழுதுபார்த்ததைச் சொல்லும் இலத்தீன் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அரேபியாவில் அவ்வளவு தெற்கே ரோமப் படை நின்றதற்கு அது சான்று. பிறகு ஊர் ஓய்ந்தது. அதற்குள் போவதையே பலர் தவிர்த்தார்கள். காரணம் நம்பிக்கை. திருக்குர்ஆனின் 15ஆம் அத்தியாயத்தின் பெயரே அல்-ஹிஜ்ர். ஸாலிஹ் நபியின் சொல்லைக் கேளாமல் அழிந்த ஸமூது கூட்டத்தாரின் இடம் இதுவென்று முஸ்லிம்கள் நம்புகிறார்கள். தபூக் பயணத்தின்போது இவ்வழியே வந்த நபிகள் நாயகம், அழுதபடியன்றி இதற்குள் நுழைய வேண்டாம் என்று தோழர்களிடம் சொன்னதாக நபிமொழி உண்டு. தபூக்கிலிருந்து என்னோடு காரில் வந்த கீழக்கரை நண்பர் அதனால் உள்ளே வரவில்லை. “நீங்க பார்த்துட்டு வாங்கண்ணே, நான் இங்கேயே இருக்கேன்” என்று சொல்லிவிட்டு அல்-உலாவிலேயே தங்கிக்கொண்டார். அந்த அச்சமும் மரியாதையும் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் அந்தக் கல்லைக் காத்திருக்கின்றன என்பதை நான் நன்றியோடு சொல்ல வேண்டும். 1876இல் ஹஜ் கூட்டத்தோடு வந்த சார்லஸ் டவுட்டி கல்வெட்டுகளைப் படியெடுத்தார். 2008இல் சவூதியின் முதல் உலக மரபுச் சின்னம் ஆனது ஹெக்ரா. பார்வையாளருக்கு முறையாகத் திறந்தது 2020இல்.

பெத்ராவுக்கு 2019ஆம் ஆண்டில் மட்டும் பத்து இலட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அவர்கள் கண்டது வீணல்ல; சீக்கின் முடிவில் அல்-கஸ்னா தெரியும் அந்தக் கணத்தை வாழ்நாளில் ஒருமுறை காண வேண்டும். நீர்வேலையைக் கற்க நினைக்கும் எந்தப் பொறியாளருக்கும் பெத்ராவே பாடசாலை. ஆனால் நபாத்தியர் யார் என்று கேட்பவர்களுக்கு என் விடை ஹெக்ரா. பெத்ராவில் ஓர் அரசின் செல்வத்தைப் பார்த்தேன். மருத்துவர் கஹ்லானையும் கம்கத்தையும் அவள் மகளையும் ஹெக்ராவில்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த ஊரின் கடைசிக் கல்லறை எழுத்துகளில் ஒன்று 267ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஹாரிதத்தின் மகன் கஅப் தன் தாய் ரகூஷுக்கு எழுதியது. அவள் தம்மூஸ் மாதத்தில் அல்-ஹிஜ்ரில் இறந்தாள் என்றும் இந்தக் கல்லறையைத் திறப்பவரை இறைவன் சபிக்கட்டும் என்றும் சொல்கிறது. எழுத்து நபாத்தியம், மொழி ஏறக்குறைய அரபி. பக்கவாட்டில் வேறொரு பழைய எழுத்தில், மேலிருந்து கீழாக, ரகூஷின் பெயர் இன்னொரு முறை இருக்கிறது. அரபு எழுத்து பிறந்த கதையைப் படிப்பவர்கள் எல்லாரும் இந்த மகனின் வரிகளுக்கு வந்தே தீர வேண்டும்.

சவூதியில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். தபூக்கிலோ மதீனாவிலோ இருப்பவர்களுக்கு அல்-உலா காரில் நான்கு மணி நேரத்துக்குள் இருக்கிறது. இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால் போய்வாருங்கள். சீட்டை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள்; குளிர்காலம் நல்லது. அங்கே வழிகாட்டிகளை ராவி என்கிறார்கள். அந்த ஊர் இளைஞர்களும் பெண்களும்தான். கல்லறையின் கதவுக்கு மேலே இருக்கும் பலகையைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களிடம் கேளுங்கள். படித்துச் சொல்வார்கள்.